பின்வழி இல்லாத வீடு

கருங்காட்டில் ஒரு அழுங்கும் ஒரு குரங்கும் கூட்டாகத் தரகு வேலை செய்துவந்தன. வீடு இல்லாத விலங்குகளுக்கு வளை, பொந்து, குகை என்று பார்த்துக் கொடுப்பதுதான் அவற்றின் தொழில்.

அழுங்கின் பெயர் உருளி. அதன் உடம்பு முழுக்க ஓடு ஓடாகச் செதில். எறும்பும் கறையானும்தான் அதன் சாப்பாடு. பயம் வந்தால் தலையை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு பந்து மாதிரி சுருண்டுவிடும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் உருளி என்று கூப்பிட்டார்கள். குரங்கின் பெயர் வாலாயன்.

வாலாயன் மர உச்சியில் உட்கார்ந்துகொண்டு, காட்டுக்குப் புதிதாக யார் வருகிறார்கள் என்று பார்க்கும். வந்தவர்களிடம் இனிக்க இனிக்கப் பேசும். உருளி கீழே இருந்து மண்ணைக் கீறிப் பார்க்கும், வளைக்குள் நுழைந்து பார்க்கும், வீடு எப்படி என்று சொல்லும். வீடு பிடித்துப்போனால், வந்தவர்கள் தாங்கள் வரும் வழியில் பார்த்த பழ மரத்தைக் குரங்குக்கும், கறையான் புற்றை அழுங்குக்கும் காட்ட வேண்டும். அதுதான் கூலி.

அந்தக் கோடையில் மலைக்கு அந்தப் பக்கம் தீப்பிடித்தது. அங்கே இருந்த விலங்குகள் கூட்டம் கூட்டமாகக் கருங்காட்டுக்கு வந்தன. தரகர்கள் இருவருக்கும் மூச்சுவிட நேரமில்லை.

வாலாயனுக்கு ஒரு கொள்கை இருந்தது. வீட்டைக் காட்டியாயிற்று, வந்தவர்கள் உள்ளே போயாயிற்று என்றால் அதோடு வேலை முடிந்தது. திரும்பிப் போய் எட்டிப் பார்க்கக் கூடாது. எட்டிப் பார்த்தால் குறைதான் சொல்வார்கள். குறை கேட்கிற நேரத்தில் இன்னொரு ஆளுக்கு இன்னொரு வீட்டைக் காட்டிவிடலாம். இதை அது உருளியிடம் அடிக்கடி சொல்லும்.

உருளிக்கு இது மிகவும் வசதியாக இருந்தது. ஏனென்றால் உருளி ஒரு பயந்தாங்கொள்ளி. யாராவது முகத்தைச் சுளித்தால்கூடச் சுருண்டுவிடும்.

முள்ளம்பன்றி ஊசியப்பனுக்கு ஓடை மேட்டில் ஒரு வளையைக் கொடுத்திருந்தார்கள். அந்த மண் ஈரம் கோக்கும் மண் என்று உருளிக்குத் தெரியும். சொல்லவில்லை. ஒரு முயலுக்கு மூங்கில் புதருக்கு அடியில் இடம் கொடுத்தார்கள். அது யானைகள் தண்ணீருக்குப் போகிற வழி. அதையும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதெல்லாம் உருளியின் மனசுக்குள் முள்ளாகக் குத்தியது. ஊசியப்பன் வீட்டுப் பக்கம் போவதை நிறுத்தியது. பிறகு முயல் வீட்டுப் பக்கமும் போகவில்லை. ஒவ்வொரு வீட்டைக் கொடுத்த பிறகும் அது நடக்கக்கூடிய பாதை ஒன்று குறைந்தது. கடைசியில், பத்தடி தூரத்தில் இருக்கும் புற்றுக்குப் போவதற்குக்கூடக் காட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

ஒருநாள் காலையில் ஒரு சருகுமான் வந்தது. உயரம் முயலைவிடக் கொஞ்சம் கூட. உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். அதன் பெயர் மருதி. வயிறு பெரிதாக இருந்தது. இன்னும் ஒரு வாரத்தில் குட்டி போட்டுவிடும் என்று பார்த்ததுமே தெரிந்தது.

அது தனியாக வந்திருந்தது. எங்கே சருகு அசைந்தாலும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தது. வாலாயன் விசாரித்ததும் மெல்லிய குரலில் தன் கதையைச் சொன்னது. போன வருடம் அது ஒரு மரப்பொந்தில் குடியிருந்தது. அந்தப் பொந்துக்குப் பின்னால் ஒரு வழி இருந்தது அதற்குத் தெரியாது. வாசலில் அது காவல் நின்றபோது ஒரு காட்டுப்பூனை பின்னால் இருந்து நுழைந்தது. மருதி உள்ளே திரும்பிப் பார்த்தபோது குட்டி இல்லை.

"எனக்குப் பெரிய வீடு வேண்டாம். வெளிச்சம்கூட வேண்டாம். பின்வழி இருக்கக் கூடாது. அது ஒண்ணுதான்" என்றது மருதி.

வாலாயன் உடனே தொப்பைப்பாறைக் குகையைச் சொன்னது. ஓடைக் கரையில் இருக்கும் பெரிய பாறை அது. கிழக்குப் பக்கம் ஒரு குகை. வெகுநாளாக அங்கே யாரும் குடியில்லை. ஏன் குடியில்லை என்று யாரும் கேட்டதில்லை.

உருளி உள்ளே போய்ப் பார்த்தது. வாசல் பக்கம் நல்ல காய்ந்த தரை. பத்தடி போனதும் குகை வளைந்து குறுகியது. அந்த வளைவில் உருளி நின்றது. உள்ளேயிருந்து சில்லென்று ஒரு காற்று வந்து மூக்கில் பட்டது. அதில் ஒரு வாடை இருந்தது. அழுகிய வாடை இல்லை. ஈரத் துணியை மூட்டை கட்டி வைத்த மாதிரி ஒரு வாடை.

உருளியின் முதுகுச் செதில்கள் தாமாகவே சிலிர்த்தன. இன்னும் நாலு அடி போனால் குகையின் கடைசிச் சுவர் தெரிந்துவிடும். அந்த நாலு அடியை வைக்க அதன் கால் வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டது.

வெளியே வந்ததும் வாலாயனைத் தனியாகக் கூப்பிட்டு, பின்னால் இருந்து காற்று வருகிறது என்று சொன்னது. வாலாயன் சிரித்தது. "நல்லதுதானே. காத்தோட்டமான வீடுன்னு சொல்லு" என்றது.

மருதி வளைவு வரைக்கும் போய்ப் பார்த்தது. அதற்கு மேல் போக அதன் வயிறு இடம் கொடுக்கவில்லை. திரும்பி வந்து உருளியின் முகத்தை நேராகப் பார்த்தது.

"அண்ணே, நீங்க கடைசி வரைக்கும் போய்ப் பார்த்தீங்களா?"

உருளி தரையைப் பார்த்தது.

"பார்த்தேம்மா. பின்வழி இல்லை."

மருதி அதை நம்பியது. தான் வரும் வழியில் பார்த்த ஒரு பெரிய புற்றைக் காட்டிக் கொடுத்தது. உருளி அங்கே போய்க் கறையான் தின்றது. வயிறு நிறைந்தது. ஆனால் அன்றிலிருந்து தொப்பைப்பாறைப் பாதையும் அதற்கு இல்லாமல் போயிற்று.

ஒன்பது நாள் போயிற்று. ஒன்பதாம் நாள் மத்தியானம் வானம் கறுத்தது. காட்டில் ஒரு இலை அசையவில்லை. பறவைச் சத்தம் நின்றுபோயிற்று. பெரிய மழை வரப்போகிறது என்று உருளி அவசரமாகத் தன் வளைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பழைய ஆட்கள் யாரும் கண்ணில் படக் கூடாது என்று ஓடைக் கரை வழியாக, தொப்பைப்பாறைக்குப் பின்பக்கமாகப் போனது. இதற்கு முன் அந்தப் பக்கம் அது போனதே இல்லை.

பாறையின் அடியில், தண்ணீரை ஒட்டி, ஒரு துவாரம் இருந்தது. துவாரத்தின் வாயில் வெள்ளையாக என்னவோ கிடந்தது. உருளி கிட்டே போய்ப் பார்த்தது.

அது ஒரு பாம்புச் சட்டை. பாதி வெளியே கிடந்தது, பாதி துவாரத்துக்குள் போயிருந்தது. வெளியே கிடந்த பாதியே உருளியைப் போல நாலு மடங்கு நீளம். பக்கத்து மணலில் ஒரு அடிமரத்தை இழுத்துக்கொண்டு போன மாதிரி தடம். தடம் துவாரத்துக்குள் போனது. திரும்பி வரவில்லை.

துவாரத்திலிருந்து அதே வாடை வந்தது. ஈரத் துணி மூட்டையின் வாடை.

குகையில் வந்த காற்று எங்கிருந்து வந்தது என்று உருளிக்கு இப்போது புரிந்தது. மலைப்பாம்பு ஒரு பெரிய இரையை விழுங்கினால் நாள்கணக்காக அசையாமல் கிடக்கும். இத்தனை நாளும் அது பாறையின் வயிற்றுக்குள் உறங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. இன்னொரு பக்கத்தில் மருதி இருந்திருக்கிறது.

முதல் மழைத்துளி விழுந்தது. பிறகு சடசடவென்று கொட்டியது. உருளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓடைத் தண்ணீர் ஒரு விரல் உயர்ந்து துவாரத்தின் வாயை நக்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் உள்ளே போகும். பாம்பு விழிக்கும். கீழே தண்ணீர் வந்தால் அது மேலேதான் ஏறும். மேலே போகிற வழி குகைக்குள் திறக்கிறது.

உருளி அப்படியே சுருண்டுகொண்டது. வழக்கம் அது. சுருண்டு கிடந்தால் எதுவும் தெரியாது, எதுவும் கேட்காது. இப்போதும் தலையை வயிற்றில் புதைத்துக்கொண்டு கிடந்தது. ஆனால் உள்ளே இருட்டில் மருதியின் கேள்வி கேட்டது. கடைசி வரைக்கும் போய்ப் பார்த்தீங்களா?

உருளி மெதுவாக விரிந்தது. பயத்தோடேயே ஓடியது.

முதலில் அது வாலாயனிடம் போனது. குரங்கு ஒரு அத்திமரக் கிளையில், இலைக்கு அடியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. உருளி மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னது. வாலாயன் பொறுமையாகக் கேட்டது. பிறகு, நாம் போய்ச் சொன்னால் பொய் சொன்னது நாம்தான் என்று ஆகிவிடும், சொல்லாவிட்டால் பாம்பு எப்படியோ வந்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள் என்று விளக்கியது.

"நம்ம பேர் கெட்டா நாளைக்கு யாரு வீடு கேட்டு வருவா? வாயை மூடிக்கிட்டு இரு" என்றது.

உருளி ஒரு கணம் அந்த மரத்தடியிலேயே நின்றது. குரங்கு சொன்னது தப்பில்லை என்று அதன் பயம் சொல்லியது. பிறகு அது திரும்பி மழைக்குள் நடந்தது.

தொப்பைப்பாறைக்குக் குறுக்குப் பாதை ஒன்றுதான். அது ஊசியப்பனின் வீட்டு வாசல் வழியாகப் போனது. உருளி தலையைக் குனிந்துகொண்டு அந்த இடத்தைக் கடக்கப் பார்த்தது. முடியவில்லை. முள்ளம்பன்றி வளைக்கு வெளியே மழையில் நின்றுகொண்டிருந்தது. வளைக்குள் இருப்பதும் வெளியே நிற்பதும் அதற்கு ஒன்றுதான். உள்ளே முழங்கால் அளவு தண்ணீர்.

ஊசியப்பன் முட்களைச் சிலுப்பிக்கொண்டு வழியை மறித்தது. இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்டது. சுவர் ஊறி ஊறி மனைவிக்கு இருமல் வந்துவிட்டது என்றது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வந்து பார்த்திருக்கக் கூடாதா என்று கேட்டது. கோபத்தில் அதன் குரல் உடைந்தது.

உருளி பயந்தது எல்லாம் நடந்தது. அது நினைத்துப் பார்த்ததைவிட மோசமாகவே நடந்தது. ஆனாலும் அது சுருளவில்லை.

"ஊசியப்பண்ணே, நீங்க சொல்றது எல்லாம் நெசம். மண்ணு ஈரம்னு எனக்குத் தெரியும். சொல்லாம விட்டேன். திரும்பி வந்து எவ்வளவு வேணா கேட்டுக்கிறேன். இப்ப ஒரு உயிர் போயிடும், விடுங்க" என்றது.

ஊசியப்பன் அதை ஏற இறங்கப் பார்த்தது. "போ. ஆனா நான் உன் பின்னாலயே வருவேன். விட்டா நீ மறுபடியும் காணாமப் போயிடுவே" என்றது.

இரண்டும் மழையில் ஓடின.

குகை வாசலில் மருதி படுத்திருந்தது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. முந்தின நாள் பிறந்தது. ஈர்க்குச்சி மாதிரி நாலு கால்கள்.

உருளி வாசலிலேயே நின்று, உடனே வெளியே வரச் சொன்னது. பின்னால் பாம்பு இருக்கிறது என்றது. மருதி எழுந்து நின்றது. ஆனால் வெளியே வரவில்லை. அதன் கண்கள் சுருங்கின. வாலாயன் இரண்டு இடத்தில் இப்படித்தான் ஏதோ சொல்லிப் பயமுறுத்திக் குடியிருந்தவர்களைக் கிளப்பிவிட்டு, வேறு ஆளைக் குடிவைத்தது என்று அது கேள்விப்பட்டிருந்தது. இந்த மழையில் பச்சைக் குட்டியை எங்கே கொண்டுபோவது என்று கேட்டது. பின்வழி இல்லை என்று சொன்னது நீங்கள்தானே என்றும் கேட்டது.

பொய் சொன்ன வாயால் உண்மையைச் சொன்னால் அது பொய்யாகவே கேட்டது.

"நான் கடைசி வரைக்கும் போகலைம்மா. அந்த வளைவுலயே நின்னுட்டேன். பயமா இருந்துச்சு. நீ கேட்டப்போ போய்ப் பார்த்தேன்னு பொய் சொன்னேன்."

மருதி அதன் முகத்தையே பார்த்தது. கோபமா, அழுகையா என்று தெரியவில்லை. ஏமாற்ற வந்தவன் தன்னைத்தானே காட்டிக்கொடுக்க மாட்டான் என்று அதற்குத் தோன்றியிருக்க வேண்டும். குட்டியை மூக்கால் தள்ளி எழுப்பியது.

குட்டி எழுந்தது, விழுந்தது. மறுபடி எழுந்தது.

அப்போது குகையின் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. பாறையில் ஏதோ கனமானது தேய்கிற சத்தம். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி வந்தது. அதற்குப் பின்னால் நீளமான ஒரு மூச்சு.

மருதியின் கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டன. போன வருடம் பின்னால் இருந்து வந்த சத்தத்தை அது கேட்காமல் விட்டிருந்தது.

குட்டி வாசலைத் தாண்ட இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும். வாசலுக்கு வெளியே சரிவு, சரிவில் மழைநீர் ஓடியது. உருளி இதையெல்லாம் ஒரே பார்வையில் பார்த்தது. பிறகு அது உள்ளே நடந்தது.

வளைவு வந்தது. அன்றைக்கு நின்ற அதே இடம். சில்லென்ற காற்று இப்போது முகத்தில் அறைந்தது. உருளிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அந்த நாலு அடியை வைத்தது.

கடைசிச் சுவரில், தரையோடு தரையாக, ஒரு பிளவு. ஒரு நடுத்தரப் பூசணிக்காய் நுழையும் அளவு. பிளவுக்குள் இருட்டு. இருட்டுக்குள் இரண்டு கண்கள். இமைக்காத கண்கள். ஒரு நாக்கு வெளியே வந்து காற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

உருளி பிளவுக்குள் தன் உடம்பைத் திணித்தது. முதுகைப் பாம்பின் பக்கம் காட்டியது. தலையை வயிற்றில் புதைத்தது. வாலைச் சுற்றிக்கொண்டது. பிறகு செதில்களை எல்லாம் விரித்தது. அவை பாறையின் இரண்டு பக்கத்திலும் ஆப்பு மாதிரி இறங்கின.

பாம்பு முட்டியது. அழுங்கின் எலும்பெல்லாம் அதிர்ந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி முட்டியது. இந்தத் தடவை நிறுத்தாமல் அழுத்தியது. உருளியால் மூச்சு இழுக்க முடியவில்லை. ஒரு செதில் பிய்ந்து விழுந்தது. இன்னொன்று பிய்ந்தது. பாம்பின் வாய் அதன் முதுகைத் தடவிப் பிடி தேடியது. பிடி கிடைக்கவில்லை. அந்த மூச்சு செதிலுக்கு இடையில் புகுந்து தோலைத் தொட்டது.

வெளியே மருதி குட்டியின் பிடரியைக் கவ்விச் சரிவில் இறங்கியது. ஊசியப்பன் அதற்கு முன்னால் நடந்து, தன் உடம்பால் மழைநீரைத் தடுத்து வழி செய்தது. குட்டியை மேட்டில் ஒரு மரத்தடியில் சேர்த்துவிட்டு முள்ளம்பன்றி குகைக்குத் திரும்பியது. உள்ளே எட்டிப் பார்த்துக் கூப்பிட்டது. பதில் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தது என்று உருளிக்குத் தெரியாது. ஒரு நேரத்தில் அழுத்தம் நின்றது. தேய்கிற சத்தம் தூரமாகப் போனது. பாறைக்குள் பாம்புக்கு வேறு ஏதோ மேடு கிடைத்திருக்க வேண்டும். ஆனால் உருளியால் அசைய முடியவில்லை. ஆப்பாக இறங்கிய செதில்கள் விடவில்லை. பாம்பு திரும்பி வருமோ என்ற பயத்தில் அதற்கு உடம்பைத் தளர்த்தவும் தெரியவில்லை.

ஊசியப்பன்தான் வந்து அதன் வாலைப் பல்லால் கவ்வி வெளியே இழுத்தது. இழுக்கும்போது, "என் வீட்டுத் தண்ணிக்கு ஒரு வழி பண்ணாம நீ சாகக் கூடாது" என்று முணுமுணுத்தது.

மறுநாள் மழை விட்டது. மருதி குட்டியோடு மரத்தடியிலேயே நின்றது. உருளி தூரத்தில் நின்று பார்த்தது. கிட்டே போகப் பயம். போகாமல் இருக்கவும் பயம். கடைசியில் போனது.

வேறு வீடு பார்த்துத் தருவதாகச் சொன்னது. கூலி வேண்டாம் என்றது. மருதி, "நீங்க பார்த்துச் சொன்னா நான் எப்படி அண்ணே நம்புறது?" என்று மட்டும் கேட்டது.

உருளி போய் வேலையைச் செய்தது. மூன்று நாள் தேடி, பலா மரத்து வேரடியில் ஒரு பொந்தைக் கண்டுபிடித்தது. கடைசி வரைக்கும் போய் நகத்தால் நாலு சுவரையும் கீறியது. மேற்குச் சுவர் லேசாக இருந்தது. கல்லும் மண்ணும் வைத்து அடைத்தது. பிறகு மருதியைக் கூப்பிட்டு, அந்தச் சுவர் முன்பு லேசாக இருந்தது, அடைத்திருக்கிறேன், அடுத்த மழைக்கு எப்படி நிற்கும் என்று தெரியாது என்று உள்ளதை உள்ளபடி சொன்னது. சுவர் நிற்கிறதா என்று பார்க்க, அடுத்த மழை வரைக்கும் பொந்துக்கு வெளியே தானே படுத்திருந்தது. மழை வந்தது. சுவர் நின்றது. அதற்குப் பிறகுதான் மருதி குட்டியை உள்ளே கொண்டுபோனது.

ஊசியப்பனின் வளைக்குள் ஊற்றுக்கண் எங்கே என்று தேட உருளிக்கு ஒரு வாரம் ஆயிற்று. பக்கத்தில் ஒரு கால்வாய் தோண்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டது. தோண்டிய ஒரு வாரமும் முள்ளம்பன்றி பக்கத்தில் நின்று திட்டிக்கொண்டே இருந்தது. உருளி கேட்டுக்கொண்டே தோண்டியது.

பிறகு ஒவ்வொரு வாசலாகப் போனது. சிலர் கத்தினார்கள். ஒரு கீரி கல்லை எடுத்து எறிந்தது. யானை வழியில் இடம் வாங்கிய முயல் அங்கே இல்லை. புதர் மிதிபட்டுத் தரையோடு கிடந்தது. முயல் தப்பித்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. உருளி அங்கே வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. அதைச் சரிசெய்ய அதற்கு ஒரு வழியும் கிடைக்கவில்லை.

வாலாயன் இதையெல்லாம் மரத்திலிருந்து பார்த்துச் சிரித்தது. கூட்டை முறித்துக்கொண்டு தனியாகத் தொழில் செய்தது. முதலில் அதற்கு நல்ல வரும்படிதான். ஆனால் கருங்காட்டில் ஒருவருக்கு ஒருவர் பேசிக்கொள்ளாமலா இருப்பார்கள்? கொஞ்ச காலத்தில் அது எவ்வளவு இனிக்கப் பேசினாலும் கேட்பவர்கள், யாரிடமாவது விசாரித்துவிட்டு வருகிறேன் என்று போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. பிறகு குரங்கு வேறு காட்டுக்குப் போய்விட்டது. தன்னை யாருக்கும் தெரியாத காடாகப் பார்த்துப் போயிற்று.

அடுத்த வருடம், மழைக்காலம் தொடங்கிய முதல் வாரம், உருளி மருதியின் பொந்துக்குப் போனது. வாசலில் நின்றதும் வழக்கம்போல் என்ன குறை சொல்லப்போகிறதோ என்று பயம். வீட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு, மெல்லக் குரல் கொடுத்தது.

மருதி வெளியே வந்தது. குட்டி இப்போது நல்ல உயரம். மருதிக்குப் பின்னால் இன்னொரு சருகுமான் நின்றது. வயிறு பெரிதாக, கண்ணில் மிரட்சியோடு.

"உள்ளே வாங்கண்ணே. மூலையில மண்ணு கொஞ்சம் உதிருது, பாருங்க" என்றது மருதி. பிறகு பின்னால் திரும்பி, "இவ என் சித்தி மக. வீடு இல்லாம நிக்கிறா. இவருகிட்ட கேளுடி. என்ன குறைன்னாலும் முகத்துக்கு நேரா சொல்லிடுவாரு" என்றது.

உருளி முதலில் உள்ளே போய் மூலை மண்ணைக் கீறிப் பார்த்தது.

வீட்டைக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பவனுக்கு ஒருவர் ஒரு தடவைதான் வாடிக்கை. பயந்தாலும் உண்மையைச் சொல்லி, குறை கேட்க அதே வாசலுக்குத் திரும்பிப் போகிறவனுக்குத்தான் வாடிக்கை நிலைக்கும்.